தண்ணீர் பழுக்க எத்தனை நாள்?

அம்பத்தூர்க்காரர்களிடம் சைக்கிள் என்றால் டி.ஐ. சைக்கிள்ஸ்தான் நினைவுக்கு வரும். 1949-ல் ஆரம்பித்த கம்பெனி. அங்கே ஷிப்டுக்குப் போய் வந்தவர்கள் நம் தெருக்களில் இன்றும் பலர் உண்டு. அதனால் கொளத்தூர் வண்ண மீன் கடையில் ஒரு தம்பி, "எறா வாங்குறதுக்கு முன்னாடி தொட்டிய நல்லா சைக்கிள் பண்ணிடுங்க சார்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதே கடையில் இருந்த பெரியவர் நமக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "தண்ணி பழுக்கணும் சார். பழுக்காத தண்ணியில எறா நிக்காது."

எறா என்று அவர்கள் சொன்னது குழம்பு வைக்கிற எறா இல்லை. செர்ரி இறால் என்று விற்கிறார்கள். ஓர் அங்குலம்தான் இருக்கும், குங்குமச் சிவப்பு, நன்னீரில் வாழ்வது. பேரனுக்காக வாங்கப் போனேன். ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன ‘பழுக்கணும்’ என்ற சொல் என்னை விடவில்லை. தண்ணீர் எப்படிப் பழுக்கும்? யார் இதை முதலில் கண்டுபிடித்தது? தேடிப் படித்ததில் லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் சுற்றி, கடைசியில் நம்ம கீழ்ப்பாக்கத்திலும் கொரட்டூர் ஏரியிலும் வந்து நின்றது கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தெளிந்த தண்ணீர் வேறு, பழுத்த தண்ணீர் வேறு. நம் பாட்டிமார்களுக்குத் தண்ணீரைத் தெளிய வைக்கத் தெரியும். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைத்து வைப்பார்கள். காலையில் கலங்கல் எல்லாம் அடியில் படிந்து, மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். குடிப்பதற்கு அது போதும். அதே தண்ணீரில் ஒரு மீனை விட்டு, தினமும் தீனி போட்டுப் பாருங்கள். தெளிவாகவே இருக்கும், பத்து நாளில் மீன் செத்து மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதில் சேர்கிறது. அதை முறிக்கிற ஏதோ ஒன்று அங்கே இன்னும் வந்து சேரவில்லை.

இந்தச் சிக்கலை முதலில் முறையாக ஆராய்ந்தவர் லண்டனில் இருந்த ராபர்ட் வாரிங்டன் (1807–1867) என்ற ரசாயன நிபுணர். 12 காலன் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டார். நம் கணக்கில் ஏறத்தாழ 54 லிட்டர். இன்று கடைகளில் விற்கும் 2 அடித் தொட்டியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அடியில் மணலும் கல்லும் போட்டு, நாடா போன்ற இலையுள்ள வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய தங்க மீன்களை விட்டார். சில நாளில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கெட ஆரம்பித்தது. அழுகலைத் தின்ன நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அதன் பிறகு தண்ணீரை மாற்றாமலே மீன்கள் நன்றாக வாழ்ந்தன. 1850-ல் லண்டன் ரசாயனச் சங்கத்தில் இதை அறிவித்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்கிறது, இரண்டும் ஈடாகிவிடுகின்றன என்பது அவர் சொன்ன விளக்கம். தவறில்லை. ஆனால் பாதிதான்.

அதன் பின் ஐரோப்பாவில் மீன் தொட்டி மோகம் பிடித்துக்கொண்டது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்றே ஒரு கட்டடம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிலிப் காஸ் என்பவர் எழுதிய புத்தகம் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த அலை நம் ஊருக்கும் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், 1909-ல் மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே முதல் என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான சமயத்தில், அதை மூடினார்கள். இன்று அந்தக் கட்டடமும் இல்லை.

இப்போது விட்டுப்போன மறுபாதிக்கு வருவோம். மீனோ இறாலோ எதைத் தின்றாலும் கழிவாக வெளியே விடுவது பெரும்பாலும் அமோனியா. மிச்சத் தீனி அழுகினாலும் அமோனியாதான். பொதுக் கழிப்பிடத்தில் மூக்கைத் துளைக்குமே, அதே சரக்கு. பூமி தோன்றிய நாளிலிருந்து குளங்களில் இது சேர்ந்துகொண்டே இருக்கிறதென்றால், குளம் ஏன் விஷமாகவில்லை?

பாதி பதில் விவசாயிக்குத் தெரியும். தொழு உரம் போட்ட மண்ணில் அந்த நாற்றம் போய்விடுகிறது. பீகார்ப் பக்கம் மாட்டுத் தொழுவத்து மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெடியுப்பில் இருப்பது நைட்ரேட். அமோனியா எப்படியோ நைட்ரேட் ஆகிறது. ரசாயன மாற்றம்தான் என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள்.

1877-ல் பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீளமான குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல் தூளும் நிரப்பி, மேலிருந்து சாக்கடைத் தண்ணீரை மெதுவாக விட்டார்கள். முதல் 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. மேலே போன அமோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. நாளாக ஆகக் கூடியது. கடைசியில் அமோனியாவே வரவில்லை. வெறும் ரசாயன மாற்றம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டாமா? ஏன் 20 நாள் காத்திருந்தது? சந்தேகப்பட்டுக் குழாய்க்குள் குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. அப்புறம் கொஞ்சம் தோட்ட மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி ஆரம்பித்தது. அந்த மணலுக்குள் உயிருள்ள ஏதோ ஒன்று குடியேறி வேலை செய்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள்.

கொளத்தூர்ப் பெரியவர் சொன்ன ‘பழுப்பது’ இதுதான். பாரிஸ் குழாய் ஒரு மீன் தொட்டியின் ஃபில்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 20 நாள் காத்திருப்புதான் இன்று எல்லாரும் சொல்லும் சைக்கிள்.

இதற்கடுத்து நடந்ததைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இந்தப் பாரிஸ் சோதனையைக் கேள்விப்பட்டு, இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அதை மேலே கொண்டுபோனவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்க மீன் தொட்டி வைத்த அதே வாரிங்டனின் மகன்! அப்பா தொட்டி வைத்தபோது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். அமோனியா ஒரே தாவலில் நைட்ரேட் ஆகவில்லை, முதலில் நைட்ரைட், பிறகு நைட்ரேட் என்று இரண்டு படி, இரண்டு படிக்கும் தனித்தனி உயிர்கள் என்று காட்டினார். அப்பா தொட்டியில் மீன் ஏன் பிழைத்தது என்பதற்கான மறுபாதி விடை, அப்பா இறந்து பத்து வருடம் கழித்து மகன் கையில் வந்தது.

ஆனால் அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. சூரிச்சில் இருந்த ரஷ்யர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ல் அதைச் சாதித்தார். மற்ற பாக்டீரியாக்கள் சாப்பிடும் சத்துள்ள கூழ் இவற்றுக்கு வேண்டாம். அமோனியாவை எரித்தே சக்தி எடுத்துக்கொண்டு, கரியமில வாயுவிலிருந்து உடம்பைக் கட்டிக்கொள்கின்றன. அதனால்தான் வளர்ச்சி அவ்வளவு மெதுவாக இருக்கிறது. தயிர் பாக்டீரியா ஒரு மணி நேரம் கிடைத்தால் இரட்டித்துவிடும். இரவு உறை ஊற்றினால் காலையில் தயிர். இந்த நைட்ரோசோமோனாஸ் வகையறா இரட்டிக்க அரை நாளோ ஒரு நாளோ ஆகும். எதைக் கொட்டினாலும் அவசரப்படாது.

இப்போது நம் ஊர். 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டாமல் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜே.ஏ. ஜோன்ஸ் என்ற இன்ஜினியரின் திட்டப்படி மூடிய செங்கல் கால்வாய் கட்டி, 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மெது மணல் வடிகட்டிகள் அமைத்தார்கள். பெரிய தொட்டி, அடியில் கல், மேலே மணல், அதன் வழியே தண்ணீர் மெல்ல இறங்க வேண்டும். இங்கே வடிகட்டுவது மணல் மட்டும் இல்லை. மணலின் மேல்பரப்பில் வழுவழுப்பாக ஒரு படலம் படியும். பாசி, பாக்டீரியா, இன்னும் எத்தனையோ உயிர்கள் சேர்ந்தது. கிருமிகளைத் தடுப்பதும் அமோனியாவை முறிப்பதும் பெரும்பாலும் அதன் வேலை. புதிதாக மணல் போட்டால் படலம் வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது. படலம் அடைத்துக்கொண்டால் மேல் மணலைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். மெட்ராஸ் பட்டணம் முழுவதும் ஒரு பழுத்த தொட்டியின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. கிணற்றுத் தண்ணீர் குடித்த அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்குக் கிணற்றுச் சுவரின் பாசியும் அடிமணலும் அதே வேலையைச் செய்தன. கிணற்றில் நாலு கெண்டைக் குஞ்சு விட்டு வைத்தோமே, அவை கொசுப் புழுவைத் தின்றுகொண்டு சாகாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம்.

இறால் வளர்ப்பு ஜப்பானிலிருந்து பரவிய பழக்கம். தொட்டிக்குள் தோட்டம் போடுவதை ஒரு கலையாக்கிய தகாஷி அமானோ (1954–2015), 1980-களில் பாசியைத் தின்னட்டும் என்று ஒரு நன்னீர் இறாலைத் தொட்டிகளில் விட்டார். இன்றும் அதற்கு அமானோ இறால் என்றே பெயர். பிறகு 1990-களில் ஹிசயாசு சுசுகி என்பவர், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட இறால்களுக்கு நடுவே தோன்றிய சிவப்பு இறாலைப் பிரித்துப் பெருக்கினார். அதிலிருந்து வண்ண இறால் மோகம் வளர்ந்தது. செர்ரி இறாலின் பூர்வீகம் தைவான், சீனப் பக்கம். காட்டு நிறம் மங்கலான பழுப்பு. சிவப்பாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததுதான் கடைக்கு வருகிறது.

மீனைவிட இறாலுக்குப் பழுத்த தண்ணீர் அதிகம் தேவை. அமோனியா, நைட்ரைட் இரண்டையும் அது தாங்காது. போதாததற்கு, அதன் சாப்பாடே அந்தப் படலம்தான். கல்லிலும் இலையிலும் படிந்த வழுவழுப்பை நாள் முழுவதும் சின்னக் கைகளால் சுரண்டித் தின்றுகொண்டே இருக்கும். பொரிந்த குஞ்சுக்கு வேறு தீனி கொடுத்துப் பயனில்லை. துடைத்து வைத்த மாதிரி இருக்கும் புதுத் தொட்டி, இறால் குஞ்சுக்கு அரிசி இல்லாத வீடு.

பேரன் பேத்திக்கு வாங்கித் தர நினைப்பவர்களுக்காக, நம் பகுதிக்கு ஏற்றபடி நான் செய்ததைச் சொல்கிறேன். 2 அடித் தொட்டி, ஒன்றரை அங்குலம் கழுவிய மணல், ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு ஃபில்டர். மற்ற ஃபில்டர்கள் குஞ்சை உள்ளே இழுத்துவிடும். நம் போர் தண்ணீர் உப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து டி.டி.எஸ். 200, 250 அளவுக்குக் கொண்டுவந்தேன். வெறும் ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் இறாலுக்கு ஓடு கெட்டிப்படாது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் வைக்க வேண்டும். குளோரின், பாரிஸ்காரர்களின் குளோரோபாரம் செய்த வேலையைச் செய்துவிடும். தாமிரம் கலந்த மீன் மருந்தைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. இறாலின் ரத்தத்திலேயே தாமிரம் இருக்கிறது, ஆனாலும் தண்ணீரில் கொஞ்சம் கூடினால் செத்துவிடும்.

இறால் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வந்தேன். அது அழுகித்தான் அமோனியா வர வேண்டும். தெரிந்த வீட்டுப் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்து அந்த அழுக்குத் தண்ணீரையும் ஊற்றினேன். உறை ஊற்றுவது போலத்தான். தெருவில் விழுந்து கிடந்த காய்ந்த பாதாம் இலையில் இரண்டைக் கழுவிப் போட்டேன். படலம் படிய அதைவிட நல்ல இடம் கிடையாது. டெஸ்ட் கிட்டில் பார்த்தால் இரண்டாவது வாரம் அமோனியா உச்சம், மூன்றாவது வாரம் அது இறங்கி நைட்ரைட் உச்சம், ஐந்தாவது வாரம் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும். வாரிங்டன் மகன் சொன்ன இரண்டு படியும் என் வீட்டுக் கூடத்தில் வரிசையாக நடந்தன. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுப் பத்து இறாலை விட்டேன். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றுவது போலத் தொட்டித் தண்ணீரை அவற்றின் டப்பாவில் இரண்டு மணி நேரம் சொட்டவிட்டு, அதன் பிறகுதான் விட்டேன். வெயில் காலத்தில் தண்ணீரின் மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடுகிறது. ஆவியாகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

விஞ்ஞானிகள் இதை இன்னும் முடித்துவிடவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாவது படியைச் செய்வது இத்தனை நாள் நினைத்த நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் அமெரிக்காவில் ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். 2015-ல் இரண்டு படியையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராவும் இருப்பது தெரிந்தது. நெதர்லாந்துக்காரர்கள் அதைக் கண்டது ஒரு மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரில்.

இதையெல்லாம் படித்தபின் நம் ஏரிகளைப் பார்க்கும் பார்வை எனக்கு மாறிவிட்டது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து மாதவரம் ரெட்டேரிக்கு என்று வழி வகுத்திருந்தார்கள். கொரட்டூர் ஏரிக்குள் கழிவுநீர் வருவதை எதிர்த்து அந்த ஊர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டி வந்தது. "ஏரி அவ்வளவு பெரிசு, கொஞ்சம் சாக்கடை கலந்தா என்ன?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் இருப்பது சாதாரணம். அதில் ஒரு மில்லிகிராமை நைட்ரேட் ஆக்க பாக்டீரியாவுக்கு நாலரை மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். ஆக 20-க்கு 90. நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கும் பிராணவாயு ஏழரை மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் சாக்கடையின் அமோனியாவை மட்டும் முறிக்க 12 லிட்டர் ஏரி நீரின் மூச்சு முழுவதும் போய்விடுகிறது. சாக்கடையில் உள்ள மற்ற அழுக்கெல்லாம் தனிக் கணக்கு. மூச்சு தீர்ந்தால் அந்த பாக்டீரியாவின் வேலையும் நின்றுவிடும். அப்புறம்தான் ஒரு நாள் காலை கரையோரம் மீன்கள் வெள்ளையாக மிதக்கின்றன.

தொட்டியில் அளவுக்கு மீறித் தீனி கொட்டியவன் என்ன செய்ய வேண்டும்? முதலில் கொட்டுவதை நிறுத்த வேண்டும். ஏரிக்கும் அதுதான் வைத்தியம். அடியில் படிந்த சேறு சில காலம் அமோனியாவைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், உடனே தெளிந்துவிடாது. ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள் கரைக் கல்லிலும் நாணல் வேரிலும் இன்னும் இருக்கிறார்கள். சாக்கடையின் வாயை அடைத்துவிட்டு, காத்திருக்கத் தெரிய வேண்டும். பாரிஸ் குழாய்க்கு 20 நாள், என் தொட்டிக்கு ஐந்து வாரம் ஆயிற்று. கொரட்டூர் ஏரிக்குச் சில வருடங்கள் ஆகலாம். எப்போது ஆரம்பிக்கிறோமோ அன்றிலிருந்துதான் அந்தக் கணக்கு.